அசைவே இசையாக

இசைக்கருவி என்றதும் நம் கண்முன் தோன்றுவன யாவை? வீணையும் வயலினும் புல்லாங்குழலும் மிருதங்கமும்; நம் ஆலயங்களிலே பல தலைமுறைகளாக ஒலித்துவந்த ஆர்மோனியமும். இவை யாவும் மனிதனுக்குப் புறத்தே இருக்கும் பொருள்கள். அவன் அவற்றைக் கையில் ஏந்துகிறான், மீட்டுகிறான், ஊதுகிறான், தட்டுகிறான். ஆனால், கருவியை ஆடையைப் போல் உடுத்திக்கொண்டு, கையை உயர்த்தினால் ஒரு சுரம், விரலை மடக்கினால் மற்றொரு சுரம் என உடலின் அசைவையே இசையாக மாற்றும் முறை ஒன்று உண்டென்றால் வியப்பாக இல்லையா?

வியப்புத்தான், ஆயினும் முற்றிலும் புதுமையன்று. நாட்டியம் ஆடுவோர் காலில் கட்டும் சலங்கை எது? அது உடலில் அணியும் இசைக்கருவியே அன்றோ! அடவுக்கு ஏற்ப அது ஒலிக்கிறது. கால் நின்றால் அதுவும் நிற்கிறது. விவிலியத்திலும் இதற்குச் சான்று உண்டு. தலைமைக் குருவாகிய ஆரோனின் அங்கியின் கீழ் விளிம்பில் பொன்மணிகள் தொங்கவேண்டும் என்று விடுதலைப் பயண நூலின் 28-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் தூயகத்துள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் அம்மணிகளின் ஓசை கேட்கவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. நடப்பவர் யார் என்பதை அவர் நடையே அறிவித்தது.

எனினும் மணிக்கு ஓர் எல்லை உண்டு. அசைந்தால் ஒலிக்கும், அசையாவிடில் ஓயும்; அவ்வளவே. கை எவ்வளவு உயர்ந்தது, எத்திசையில் திரும்பியது, மெல்ல நகர்ந்ததா, விரைந்து வீசிற்றா என்பதை எல்லாம் மணி அறியாது. இவற்றை எல்லாம் அறிந்து, அதற்கேற்பச் சுரத்தையும் ஒலியின் அளவையும் மாற்றும் கருவியை உண்டாக்க நூறாண்டுகளாக முயற்சி நடந்து வருகிறது. அந்த வரலாற்றைப் பார்க்கும்போதே ஒரு கேள்வியையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்: இசையை இயந்திரம் இவ்வளவு எளிதாக்கிவிட்டால், ஆண்டுக்கணக்கில் பயிலும் கலைஞனின் உழைப்புக்கு இனி என்ன பொருள்?

தொடாமல் இசைத்த கைகள்

1920-ஆம் ஆண்டு. ரஷ்யாவின் பெத்ரோகிராது நகரில் லெவ் தெர்மென் என்னும் இளம் இயற்பியல் அறிஞர் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மேலைநாடுகள் பின்னர் அவரை ‘தெரமின்’ என்றே அழைத்தன. வாயுக்களின் தன்மையை அளக்கும் மின்கருவி ஒன்றை அவர் அமைத்தபோது, தம் கை அருகே செல்லச் செல்ல அதிலிருந்து எழும் ஒலியின் சுருதி மாறுவதைக் கவனித்தார். நம் உடல் மிகச் சிறிய அளவில் மின்னேற்றத்தைத் தாங்கக்கூடியது. ஆகவே ஒரு மின்சுற்றின் அருகே கை நெருங்கினால், அச்சுற்றின் அதிர்வு சற்றே மாறுகிறது. வேறொருவராயின் இதைப் பிழை எனக் கருதி ஒதுக்கியிருப்பார். ஆனால் தெர்மென் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியைப் பயின்றவர். அந்த ‘பிழை’யைக் கொண்டே அவர் மெட்டு ஒன்றை இசைத்துக் காட்டினார்.

இங்ஙனம் பிறந்த கருவி அவர் பெயராலேயே தெரமின் என வழங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பியின் அருகே வலக்கையைக் கொண்டுசென்றால் சுருதி உயரும். வளைய வடிவான மற்றொரு கம்பியின் அருகே இடக்கையைத் தாழ்த்தினால் ஒலி தணியும். கருவியை எவரும் தொடுவதில்லை. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய வானொலி நிறுவனம் இதை விற்பனைக்கே கொண்டுவந்தது. தொடாமலே வாசிக்கலாம் என்றால் எவரும் எளிதில் கற்றுவிடலாம் என மக்கள் எண்ணினர். நடந்ததோ வேறு. வயலினில் விரல் வைக்க நரம்பாவது இருக்கிறது. இங்கோ வெறுங்காற்றில் சரியான இடத்தைக் காணவேண்டும். கை ஒரு நூலளவு பிசகினாலும் சுரம் பிசகும். வாங்கியவர்களுள் பெரும்பாலோர் தோற்றனர்.

வென்றவர்களுள் தலைசிறந்தவர் கிளாரா ராக்மோர் என்னும் பெண்மணி. 1911-இல் வில்னியூஸ் நகரில் பிறந்த இவர், சிறுவயதிலேயே வயலினில் பெரும்புகழ் பெற்றவர். இளமையில் போதிய ஊட்டமின்றி வளர்ந்ததன் விளைவாகக் கை நலிந்து, அந்த வயலினை அவர் கைவிட நேர்ந்தது. ஒரு கலைஞருக்கு இதனினும் பெருந்துயர் உண்டோ? ஆயினும் அவர் சோர்ந்து அமரவில்லை. தொடவேண்டாத இப்புதிய கருவியை எடுத்துக்கொண்டு, காற்றில் விரல்களை நிறுத்தும் முறை ஒன்றைத் தாமே வகுத்தார். வயலினில் பெற்ற செவிப்பயிற்சி அனைத்தையும் அதில் செலுத்தினார். பெரும் இசையரங்குகளில் தெரமினுக்கு மதிப்பைத் தேடித் தந்தவர் அவரே.

தெர்மென் அத்துடன் நிற்கவில்லை. முழு உடலும் இசைக்கவேண்டும் என விழைந்து, நடனமாடுவோர் ஏறி நிற்பதற்கென ஒரு மேடையை அமைத்தார். மேடையில் நிற்பவர் கையை உயர்த்தினால் சுருதி ஏறும், தாழ்ந்தால் இறங்கும். முதலில் நடனம் பயின்றவர்களையே அதில் பழக்கினார். அவர்களால் சுருதி தவறாமல் ஒரு மெட்டை இசைக்க இயலவில்லை. முடிவில், 1932-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கார்னகி அரங்கில் அம்மேடையில் ஏறி இசைத்தவர் கிளாராவே. அவர் அன்று தம் உடல் அசைவால் இசைத்தது, பாக் என்பாரின் இசையின்மீது கூனோ என்பார் அமைத்த ‘ஆவே மரியா’. நம் இல்லத் திருமணங்களில் கேட்டுப் பழகிய அதே மரியன்னை கீதந்தான்!

உடுத்தும் கருவிகள்

தெர்மெனின் மேடை ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. ஆடுபவர் அதைவிட்டு இறங்க இயலாது. கருவி உடலோடு செல்லவேண்டுமானால் அது சிறிதாகவேண்டும். 1972-இல் மெர்ஸ் கன்னிங்காம் என்னும் அமெரிக்க நடன ஆசிரியரின் குழுவினர், கோர்டன் மும்மா என்னும் இசையமைப்பாளர் அமைத்த இடைக்கச்சைகளை அணிந்து ஆடினர். அவற்றிலிருந்த சிறு கருவிகள் ஆடுவோரின் அசைவை அளந்து வானொலி அலைகளாக அனுப்ப, அவை ஒலியாக மாற்றப்பட்டன.

1983-இல் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகளும் கணிப்பொறிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ‘மிடி’ என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. அம்மொழியில் எல்லாம் எண்களே. எந்தச் சுரம் என்பதற்கு ஓர் எண். எவ்வளவு அழுத்தம் என்பதற்கு ஓர் எண். பெரும்பாலும் 0 முதல் 127 வரை. இனி எண்ணைத் தரும் எப்பொருளும் இசைக்கருவி ஆகலாம் என்னும் நிலை வந்தது. விரல் வளைவதை எண்ணாக்க முடியுமாயின், வளையும் விரலே சுரமாகும்.

அடுத்த ஆண்டே, அதாவது 1984-இல், ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மிஷேல் வைஸ்விஸ் என்னும் கலைஞர் ‘கைகள்’ எனப் பெயரிட்ட கருவியோடு மேடையேறினார். இரு கைகளிலும் பட்டைகளால் கட்டிக்கொள்ளும் அச்சட்டங்களில் விரல்களுக்குச் சிறு விசைகள் இருந்தன. கை சாய்வதைப் பாதரசம் நிறைந்த சிறு விசைகள் உணர்ந்தன. இரு கைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை, நம் காதுக்கு எட்டாத மீயொலி அளந்தது. இவரைப்பற்றி ஒரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. கருவியை நாள்தோறும் மாற்றியும் திருத்தியும் கொண்டிருந்தால் வாசிக்கக் கற்பது எப்போது? இதை உணர்ந்த வைஸ்விஸ், கருவியில் மாற்றம் செய்வதை ஒருகட்டத்தில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார். இருப்பதைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் பயின்றார். இசையில் உடலின் உழைப்பு வெளிப்பட்டே ஆகவேண்டும் என்பது அவர் கொள்கை. 2008-இல் இறக்கும்வரை அவர் அக்கருவியை விடவில்லை.

1991-இல் லெட்டீஷியா சொனாமி என்னும் பெண்கலைஞர் செய்தது சுவையானது. அந்நாளில் கணிப்பொறி ஆய்வாளர் அணிந்த கையுறைகள் போர்வீரனின் கவசம்போல் கனத்திருந்தன. அவற்றை நகையாடுவார்போல், சமையலறையில் பாத்திரம் துலக்க அணியும் இரப்பர் கையுறையை இவர் எடுத்துக்கொண்டார். விரல்நுனிகளில் காந்த உணரிகளைப் பொருத்தினார். மற்றொரு கையில் காந்தத்தை வைத்தார். ‘சீமாட்டியின் கையுறை’ என்று பின்னர் புகழ்பெற்ற கருவியின் தொடக்கம் இதுவே. அடுத்தடுத்துப் பலமுறை புதுப்பித்து, பல ஆண்டுகள் அதனுடன் அவர் மேடையேறினார்.

1990-களின் நடுவில் ஜப்பானின் யமாகா நிறுவனம், தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் வளைவை உணரும் மேலாடை ஒன்றை ‘மிபுரி’ என்னும் பெயரில் விற்பனைக்கே விட்டது. 1997-ஐ ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் பாரடிசோ என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் நடனக் காலணி ஒன்றைச் செய்தனர். பாதத்தின் அழுத்தம், வளைவு, சாய்வு, சுழற்சி என ஒவ்வொரு காலணியும் 16 அளவுகளை வானொலி வழியே அனுப்பியது. நம் சலங்கை ஒன்றே ஒன்றைச் சொல்லிற்று. இக்காலணி பதினாறு சொல்லிற்று.

கையுறைக்குள் நடப்பது என்ன?

இவ்வரிசையில் அண்மைக்காலத்தில் பலரும் அறிந்தது ‘மிமு’ கையுறை. இதற்குக் காரணமானவர் இமோஜன் ஹீப் என்னும் ஆங்கிலப் பாடகி. மேடையில் அவர் பாடும்போது கணிப்பொறியின் விசைகளையும் குமிழ்களையும் குனிந்து திருகிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. எந்தச் செயலால் எந்த ஒலி பிறந்தது என்று கேட்போருக்குத் தெரியவில்லை. பாடகிக்கும் மக்களுக்கும் இடையே இயந்திரம் சுவராக நின்றது. மேற்சொன்ன மாசசூசெட்ஸ் கழகத்தில் எலினா ஜெஸ்ஸப் என்னும் மாணவி உருவாக்கிய கையுறை ஒன்றை அவர் கண்டார். பாடும்போது விரல்களைக் குவித்தால் அந்தச் சுரம் அப்படியே நீடித்து நிற்கும். இதனால் ஊக்கம் பெற்று, 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் பொறியியலாளர், ஆடை வடிவமைப்பாளர் முதலியோரைக் கூட்டித் தமக்கென ஒரு கையுறையை உருவாக்கினார். 2014-இல் இதற்காகப் பொதுமக்களிடம் திரட்ட முனைந்த நிதி குறித்த இலக்கை எட்டவில்லை. எனினும் முயற்சி நிற்கவில்லை. 2019-இல் கையுறை பொது விற்பனைக்கு வந்தது.

இது எவ்வாறு இயங்குகிறது? விரல்களின்மேல் வளைவை உணரும் மெல்லிய பட்டைகள் உள்ளன. பட்டை வளைய வளைய அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் எண்ணாகும். மணிக்கட்டில் இருவகை உணரிகள் இருக்கின்றன. பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதுபோல் விரைவின் மாற்றத்தை உணர்வது முடுக்கமானி. கை எப்பக்கம் திரும்பிச் சுழல்கிறது என்பதை உணர்வது சுழற்சிமானி. இவை புதிரான பொருள்கள் அல்ல. கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினால் படமும் உடன் திரும்புவது இவற்றாலேதான்.

உணரிகள் தரும் எண்களைக் கம்பியின்றியே கணிப்பொறி பெறுகிறது. முதலில் அதற்குக் கலைஞர் பாடம் சொல்லவேண்டும். கையை முட்டியாக மூடிக்காட்டி, “இது முட்டி” என்றும், விரித்துக்காட்டி, “இது திறந்த கை” என்றும் சிலமுறை பழக்கினால் மென்பொருள் அவற்றை இனங்கண்டுகொள்ளும். பின்னர், முட்டி பிடித்தால் குரலைப் பதிவு செய், கையை உயர்த்தினால் சுருதியை ஏற்று, மணிக்கட்டைத் திருப்பினால் எதிரொலி சேர் என்று பொருத்தம் வகுக்கவேண்டும். கலைஞரின் திறமை எல்லாம் இப்பொருத்தத்தில்தான் வெளிப்படுகிறது. அசைவுக்கும் ஒலிக்கும் இடையே தாமதம் இருத்தல் கூடாது. நொடியின் நூற்றில் ஒரு பங்குக்கு அதிகமாகத் தாமதம் வளர்ந்தால், பயின்ற கலைஞரின் கை அதை உணரத் தொடங்கிவிடும்.

கை தளர்ந்தவர்க்கு

இனி, நம் குடும்பங்களுக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம்.

கிறிஸ் ஹால்பின் என்பவர் இங்கிலாந்தின் இசைக்கலைஞர். கிதாரும் பியானோவும் வாசித்து வந்தவர். பெருமூளை வாதம் என்னும் குறைபாடு உடைய அவருக்கு, நாளடைவில் அக்கருவிகளைக் கையாள்வது மேன்மேலும் கடினமாயிற்று. கிளாராவுக்கு வயலின் நழுவியது போலவே இவருக்கும் கிதார் நழுவத் தொடங்கியது. அந்நிலையில்தான் மிமு கையுறை அவர் கைக்கு வந்தது. மெல்லிய நரம்பை அழுத்தும் வலிமை இங்கே தேவையில்லை. எந்த அசைவு அவரால் இயலுமோ அந்த அசைவுக்கே இசையைப் பொருத்தினார். மீண்டும் மேடையேறினார்; தம் பாடல்களைப் பாடினார்.

இங்கே நிகழ்ந்ததை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். வீணையோ வயலினோ, “என் அளவுக்கு உன் கை பொருந்தினால் வா” என்று மனிதனைப் பார்த்துச் சொல்கிறது. இக்கருவியோ, “உன் கையால் இயல்வது யாது? அதைக் காட்டு, நான் பொருந்துகிறேன்” என்கிறது.

இவ்வழியில் வேறு முயற்சிகளும் உண்டு. எட்வர்டு வில்லியம்சு என்னும் ஆங்கில இசையமைப்பாளர் 1980-களில் ‘சவுண்டுபீம்’ என்னும் கருவியை உருவாக்கினார். மீயொலிக் கதிர் ஒன்று காற்றில் பாயும். அதன் குறுக்கே அசைவது கையாயினும் தலையாயினும் ஒலி பிறக்கும். நடனமாடுவோரை எண்ணித் தொடங்கப்பட்ட இக்கருவி, ஊனமுற்ற சிறாரின் சிறப்புப் பள்ளிகளிலேதான் பெரும்பயன் தந்தது. அமெரிக்காவில் பாலின் ஒலிவெரோசு என்னும் இசையமைப்பாளரும் அவருடன் உழைத்தோரும் 2007-ஐ ஒட்டி ‘ஆமி’ என்னும் மென்பொருளை அமைத்தனர். இதற்குத் தனிக்கருவி எதுவும் அணியவேண்டியதில்லை. கணிப்பொறியின் ஒளிப்படக் கண்ணே அசைவைக் காண்கிறது. தலையை மட்டும் சற்றே அசைக்க வல்ல பிள்ளையும் இதனால் இசைக்கலாம். இதை விலையின்றியே பொதுமக்களுக்கு வழங்கினர்.

நாற்காலியை விட்டு எழ இயலாத ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதற்காகப் பிறர் பாடுகிறார்கள், பிறர் வாசிக்கிறார்கள். அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் தன் தலையசைவால் ஓர் ஒலி எழுகிறது. மீண்டும் அசைத்தால் மீண்டும் எழுகிறது. “இதைச் செய்தது நானே” என்னும் அறிவு அப்பிள்ளைக்குப் பிறக்கிறது. அதன் பெற்றோருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நாம் கருதவேண்டியவை

அன்பு வாசகர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம். இயந்திரம் உழைப்பை வீணாக்கிவிடுமா?

ஏமாற்ற இடமுண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. எந்த அசைவுக்கும் எந்த ஒலியையும் பொருத்தலாம் என்றால், ஒரு விரலை ஆட்டி ஒரு பெரிய இசைக்குழுவின் முழக்கத்தையே எழுப்பிவிடலாம். மக்கள் கைதட்டுவார்கள். விரல் ஆடியதேயன்றி அங்கே இசைத்தவர் யாருமில்லை. நம் பாடற்குழுக்களில் மின்விசைப் பலகையின் தானியங்கித் தாளத்தைத் தட்டிவிட்டு, அது செல்லும் வழியே பாடகரும் ஓடுவதை நாம் கண்டதில்லையா? கருவி மனிதனுக்குத் துணையாவது ஒன்று; மனிதன் கருவிக்கு வேலையாளாவது வேறொன்று.

ஆனால் மேலே கண்ட வரலாறு என்ன சொல்கிறது? தொடாமல் வாசிக்கும் கருவியை வாங்கியோர் பலர், வென்றவர் சிலரே. தெர்மெனின் மேடையில் ஆடத்தெரிந்தவர் தோற்றனர். சுருதி அறிந்த செவியுடையவர் வென்றார். வைஸ்விஸ் கருவியைத் திருத்துவதை நிறுத்திய பின்னரே அதை முழுமையாகத் தன்வயப்படுத்தினார். ஹால்பினும் தம் அசைவு ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, பொருத்தி, பயின்றே பாடுகிறார். நரம்பும் விசையும் மறைந்தன, பயிற்சி மறையவில்லை. இக்கருவிகள் நீக்கியது தடையை, உழைப்பை அன்று.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இத்தகைய கையுறைகள் விலை மிகுந்தவை. ஓர் இணை இரண்டாயிரம் பவுனுக்கும் மேலாக விற்றது. மேலும் அவை நெடுநாள் வாழ்வதில்லை. பாட்டனார் வாசித்த வயலினைப் பேரன் வாசிக்கலாம். ஆனால் முப்பதாண்டுக்கு முந்தைய மின்கருவியை இயக்க, அதற்குரிய கணிப்பொறியே இன்று கிடைப்பதரிது. ‘மிபுரி’ மேலாடை இப்போது கடைகளில் இல்லை. ஆகவே, நல்ல கைகளை உடைய பிள்ளைகள் வீணையையும் வயலினையும் மிருதங்கத்தையும் விட்டுவிட்டு இவற்றின்பின் ஓடவேண்டியதில்லை. கை இயலாத பிள்ளைக்கோ இது விளையாட்டுப் பொருளன்று. அடைபட்ட கதவில் திறந்த ஒரு வழி.

கையுறை நமக்கு எட்டாத பொருளாயிற்றே என்று பெற்றோர் வருந்தவேண்டாம். அதன் அடிப்படை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. கைவிரல்கள் மடங்காத பிள்ளையின் மணிக்கட்டில் நான்கு சலங்கை மணிகளை ஒரு நாடாவில் கோத்துக் கட்டுங்கள். அது நன்றாகக் கையாளக்கூடிய அசைவு எது என்பதைச் சில நாள் பொறுமையாகக் கவனியுங்கள். கை அசையாவிடில் காலில் கட்டுங்கள். பாட்டின் எந்த இடத்தில் மணி ஒலிக்கவேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். அந்த இடம் வரும்வரை காத்திருக்கவும் கற்றுக்கொடுங்கள். தவறினால், “பரவாயில்லை” என்று விட்டுவிடாமல், மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே, “இன்னொரு முறை” என்று சொல்லுங்கள். அப்பிள்ளையை இரங்கத்தக்கதாகக் கருதாமல், இசைக்கும் ஒருவராக மதிப்பதற்கு அதுவே அடையாளம்.

பங்குப் பாடற்குழுக்களை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் குழுவில் அத்தகைய பிள்ளைக்கு ஓரிடம் ஒதுக்குங்கள். கடைசி வரிசையில் அன்று, தாளம் போடுவோர் அருகில். மணி ஒலிக்கவேண்டிய இடத்தில் மற்றவர் அனைவரும் ஒரு கணம் நிறுத்தட்டும். அந்த ஒரு கணத்தில் ஒலிப்பது அப்பிள்ளையின் மணி மட்டுமாகவே இருக்கட்டும்.